என் வயிற்று வலியும் அப்பாவின் இடது காலும்

வலி முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோவிலம்பாக்கத்தில், என் தம்பி பாலுவின் புது வீட்டில். கிரகப்பிரவேசம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சமையல்காரர்கள் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். தொப்புளுக்குச் சற்று மேலே, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி. வந்தது, கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி வந்தது.

விடியற்காலையிலிருந்து நின்றதாலும், வெறும் வயிற்றில் காபியாகக் குடித்ததாலும் இருக்கும் என்று நினைத்தேன். அம்மா சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

"நேரத்துக்குச் சாப்பிடலன்னா இப்படித்தான். குடி, சரியாயிடும்."

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அதுவரை பிரசவத்துக்கு மட்டுமே ஆஸ்பத்திரியில் படுத்தவள். காரணம் தெரியாத வயிற்று வலியோடு ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் நோய் அரிதானது. உங்களுடையது அதுவாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும், டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்குப் போனேன். சாப்பிட்டால் வலி கூடியது. அதனால் சாப்பாட்டைக் குறைத்தேன். கேம்ப் ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயிறு மெத்தென்று இருந்தது. எங்கே அழுத்தினாலும் தனியாக ஓர் இடத்தில் வலிக்கவில்லை. வாயுவுக்கும் அமிலத்துக்கும் மாத்திரை கொடுத்தார். ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல் இல்லை, குடல்வால் நன்றாக இருக்கிறது, வாயு நிறைய இருப்பதால் சில இடங்கள் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

வலி பெரிதாக இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கூச்சமாக இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும்போது கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், சாக்பீஸ் எடுக்கக் குனிவது போலக் குனிந்தேன்.

சனிக்கிழமை காலை மலம் கறுத்துப் போயிற்று. பிறகு இரத்தமாகவே வந்தது. என் கணவர் சேகர் வேறெதுவும் கேட்கவில்லை. காரை எடுத்தார். தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் போய் இறங்கினோம்.

அங்கே என்னைப் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மெதுவாகப் பேசுவார். அவரும் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஆனால் வயிற்றை அல்ல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு சாஃப்ட்டா இருக்கு. ஆனா உங்களுக்கு ரொம்ப வலிக்குது, இல்லையா?"

ஆமாம் என்றேன். ஒரு வாரத்தில் முதல்முறையாக அழுதேன்.

கையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு முழுவதும் ஒரு சூடு பரவி அடங்கியது. மாலையில் அவர் சேகரையும் அம்மாவையும் கட்டிலருகே அழைத்து விளக்கினார். மெசென்டெரிக் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் வேறு மாதிரி சொன்னார்.

"வெள்ளத்துல வெஸ்ட் தாம்பரம் பக்கம் தண்ணி வெளிய போக வழியில்லாம தெருவுக்குள்ளயே நின்னுச்சே, பார்த்திருப்பீங்க. அதே மாதிரிதான்மா. குடலுக்கு வந்த ரத்தம் திரும்பிப் போக வழியில்ல. உள்ளயே தேங்குது. குடல் வீங்குது. ரொம்ப நாள் நின்னா சுவரு இத்துப்போகும்ல, அது நடக்கக் கூடாது."

பிறகு கேள்விகள் கேட்டார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை என்றேன். சுகர், பிரஷர், தைராய்டு? எதுவும் இல்லை. "கர்ப்பத் தடை மாத்திரை, பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை, அந்த மாதிரி?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தம்பி வீட்டு விசேஷத்தில் விளக்கெடுத்து வீட்டுக்குள் நுழைய வேண்டியவள் அக்காவான நான். தேதி இடித்ததால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி ஓய்வறையில் பாதிப் பேர் எப்போதாவது சாப்பிட்டிருப்பார்கள். அதை மாத்திரைக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

"அது மட்டுமே காரணமா இருக்காது. எத்தனையோ பேர் சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல. அடியில வேற ஏதோ இருக்கணும்," என்றார் டாக்டர். "குடும்பத்துல யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கா? சின்ன வயசுலயே யாராவது தவறிட்டாங்களா?"

சேகர் இல்லை என்று தலையசைத்தார். அவருக்குத் தெரிந்த குடும்பம் அவ்வளவுதான். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவங்கப்பா இதே மாதிரி வயித்து வலியிலதான் போனாரு, டாக்டர். குடல் அழுகிப்போச்சுன்னு சொன்னாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அவருக்கு அப்போ என்ன வயசும்மா?"

"நாப்பத்தி மூணு."

"அதுக்கு முன்னாடி காலு வீங்குறது, மூச்சு வாங்குறது, ஏதாவது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவின் இடது கால் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திர பாகங்களின் படங்களைப் பெரிய தாள்களில் வரைவார். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து இடது காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் காலின் வீக்கம் வற்றவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எப்போதும் கனத்து, தோல் கறுத்து இருக்கும்.

யானைக்கால் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த நாட்களில் சென்னையில் அப்படி நினைப்பது இயல்பு. சுகாதாரத் துறையினர் இரத்தம் எடுத்துப் பார்த்துக் கிருமி இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் பெயர் போகவில்லை. அப்பா வீட்டுக்கு வெளியே வேட்டி கட்டுவதை விட்டுவிட்டார். கல்யாணங்களுக்கும் பேன்ட்தான்.

எனக்கும் பாலுவுக்கும் அந்தக் கால் ஒரு விளையாட்டுச் சாமான். மாலை மின்சார ரயிலில் வந்து இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அப்போது சேலையூரில் எங்கள் தெருவில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். பயிற்சி விமானங்கள் தாழப் பறந்து போகும். அப்பா முகம் கழுவிவிட்டுக் கூடத்தில் படுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கட்டை விரலால் அந்தக் காலை அழுத்துவோம். குழி விழும். விரலை எடுத்துவிட்டு, குழி மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாருடைய குழி கடைசியாக நிரம்புகிறதோ அவர்களுக்கு ஜெயம்.

"ஏரியில தண்ணி ஏறுது பாருங்கடா," என்பார் அப்பா. வலித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஒருநாளும் காலை இழுத்துக்கொண்டதில்லை. சில நாட்கள் நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவார். சட்டைப் பையில் பென்சில் சீவிய வாசனை இருக்கும்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அவருக்கு வயிற்று வலி வந்தது. முதலில் அல்சர் என்றார்கள். பால் குடித்தார், மோர் குடித்தார். வலியோடு இரண்டு நாள் வேலைக்கும் போனார். பிறகு நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அப்பா திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் அம்மா அந்தக் கட்டிலருகே நின்று, பாதியும் மீதியுமாகச் சொன்னாள். டாக்டர் முழுவதையும் கேட்டார். "ரொம்ப உபயோகமா இருந்துச்சும்மா," என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து, அப்பாவின் கால் யாருக்கோ உபயோகப்பட்டது.

ஹெப்பாரின் (இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து) ஏற்றத் தொடங்கினார்கள். மருந்து மட்டுமே போதும் என்று நம்பிக் காத்திருந்தோம். போதவில்லை. காய்ச்சல் ஏறியது, வயிறு கல்லானது. அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது சேகர் தள்ளுவண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். என் மகள் யாழினி, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், என் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். ஏன் செருப்பை எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கதவு மூடியபோது எனக்குள் ஓடியது ஒன்றுதான்: அப்பாவுக்கும் இப்படி ஒரு கதவு இருந்திருக்கும்.

சிறுகுடலில் இரத்த ஓட்டமின்றிக் கெட்டுப்போன ஒரு பகுதியை வெட்டி எடுத்து, நல்ல முனைகளை இணைத்துத் தைத்தார்கள். மிச்சமிருப்பது ஒரு மனுஷி சாப்பிட்டு வாழத் தாராளமாகப் போதும் என்றார் டாக்டர். ஒரு நாள் தாமதித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சேகரிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து பல வாரங்கள் கழித்துத்தான் சேகர் அதை என்னிடம் சொன்னார்.

வார்டில் பார்வதி என்று ஓர் ஆயா இருந்தார். என்னை எழுப்பி நடக்க வைப்பது அவர் வேலை. தையல் பிரிந்துவிடும் என்று நான் பயந்து படுத்தே கிடப்பேன்.

"இன்னாக்கா, எந்நேரமும் பட்த்துகினே கீற? எய்ந்து நாலு எட்டு வை. நட்ந்தாத்தான் வூட்டுக்கு வுடுவாங்கோ."

"வலிக்குதும்மா."

"வலிக்கத்தான் செய்யும். நான் புட்ச்சிக்கிறேன், வா."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடைக்கூடத்தின் ஜன்னல்வரை போவேன். அங்கிருந்து ரயில் பாதை தெரியும். மின்சார ரயில்கள் போய்க்கொண்டிருக்கும். அப்பா போய் வந்த காலத்தில் அவை மீட்டர் கேஜ் ரயில்கள். மாலையில் நானும் பாலுவும் சில நாட்கள் அம்மாவோடு ஸ்டேஷனுக்கு வந்து, படியிறங்கும் கூட்டத்தில் அப்பாவைத் தேடுவோம். காலைச் சற்று அகட்டி வைத்து இறங்குவதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். அடையாளத்துக்கு அது வசதியாக இருந்தது. நோய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, இரத்தநோய் நிபுணரான ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பரம்பரையாக வரும் குறை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை உடனே செய்ய முடியாது என்றார் அவர். இரத்தம் உறைந்திருக்கும்போதும், அதற்கான மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் முடிவு தவறாக வரலாம். உங்களுக்கும் இப்படிச் சொன்னால் பொறுமை இழக்காதீர்கள். சில மாதங்கள் கழித்து, அதுவரை சாப்பிட்டுவந்த, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தி, அவர் கண்காணிப்பில் ஊசிக்கு மாற்றி, பிறகு இரத்தம் எடுத்தார்கள்.

முடிவைக் கேட்கத் தானும் வருவதாக அம்மா சொன்னாள். பொதுவாக ஆஸ்பத்திரிப் படியேறப் பிடிக்காதவள். அன்று எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

எனக்குப் புரோட்டீன் எஸ் குறைபாடு (இரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் ஒரு புரதம் பிறப்பிலேயே குறைவாக இருப்பது). பெற்றோர் ஒருவரிடமிருந்து வரக்கூடியது. குறை இருந்தும் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமலே போகலாம். மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, பிரசவம், ஹார்மோன் மாத்திரை போன்ற ஏதாவது ஒன்று தூண்டிவிடலாம். பெரும்பாலும் காலில் உறையும். சிலருக்கு வயிற்றில்.

"அப்போ இவங்கப்பாவுக்கும் இதுதானா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் அவரைப் பார்க்கல, டெஸ்ட் பண்ணல. அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மாவுக்கட்டுக்கு அப்புறம் ஒரு காலு வீங்கினது, அந்த வயசுல குடல் கெட்டுப்போனது, இப்போ மகளுக்கு இது. ரொம்பப் பொருந்துதும்மா."

அம்மா டாக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு முந்தின நாள் வச்ச நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்துச்சு. அவருக்குப் புடிக்கும்னு சூடு பண்ணிப் போட்டேன். சாப்பிட்டு எழுந்தவருக்குத்தான் வலி வந்துச்சு. நான் போட்ட குழம்புதான்..."

எங்கள் வீட்டில் கருவாடே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். வாசனை பிடிக்காது என்று அம்மா சொல்வாள். நானும் பாலுவும் அதை நம்பி வளர்ந்தோம்.

டாக்டர் நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்திக்கொண்டார். வயதில் அவர் எனக்கும் இளையவர்.

"அம்மா, என்னைப் பாருங்க. குழம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. எது சாப்பிட்டிருந்தாலும் அந்த வலி வந்திருக்கும். சாப்பிட்டா குடலுக்கு ரத்தம் அதிகமா போகும், அடைப்பு இருந்தா அப்போ வலி தெரியும். அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் பண்ணல."

"நெசமாவாம்மா?"

"நிஜமாத்தான்."

வெளியே வந்து வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. "நல்லா ரசிச்சுச் சாப்பிட்டாருடி அன்னிக்கு," என்றாள். "இன்னொரு கரண்டி போடுன்னு கேட்டாரு." அப்பாவின் கடைசிச் சாப்பாட்டைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான். அன்று மாலை முழுவதும் அப்பாவைப் பற்றியே பேசினாள். கல்யாணமான புதிதில் பல்லாவரம் சந்தைக்குப் போனது, தெருவில் கரண்ட் போனால் அப்பா எங்களுக்குச் சுவரில் கை நிழலால் மிருகங்கள் காட்டியது, எனக்குப் பெயர் வைக்கும்போது சண்டை போட்டது. அத்தனை வருடமும் அந்தக் குழம்புக்குப் பின்னால் அவர் மறைந்திருந்தார் போலிருக்கிறது.

பாலுவுக்கும் யாழினிக்கும் சோதனை செய்யச் சொன்னார் டாக்டர். பாலுவுக்கு இல்லை. யாழினிக்கு இருந்தது.

அந்த முடிவு வந்த அன்று நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அறுவை சிகிச்சைக்குக்கூட நான் அப்படிக் கலங்கவில்லை. என் உடம்பிலிருந்து அவளுக்கு என்னென்னவோ போயிருக்கிறது, இதுவும் போயிருக்கிறது. யாழினி பின்னால் வந்தாள்.

"அம்மா, டாக்டர் என்கிட்ட பேசினாங்க. இப்போ மாத்திரைகூட வேணாமாம். ஹார்மோன் டேப்லெட் தொடக் கூடாது, ஆபரேஷன்னா முன்னாடியே சொல்லணும், லாங் டிராவல்ல எழுந்து நடக்கணும், நிறைய தண்ணி குடிக்கணும். இவ்ளோதானே?"

"இவ்ளோதானேன்னு சொல்றியேடி."

"பின்ன? தாத்தாவுக்கு இது தெரியவே தெரியாது. உனக்கு நாப்பத்திரண்டு வயசுல தெரிஞ்சுது. எனக்கு இப்பவே தெரியும்."

அவள் எடுத்துக்கொண்ட விதத்தில் நான் எடுத்துக்கொள்ளச் சில மாதங்கள் பிடித்தன.

இரத்தத்தை இளக்கும் மாத்திரையோடுதான் இனி என் வாழ்க்கை. அவ்வப்போது ஐ.என்.ஆர். சோதனை (இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டும் அளவு) செய்துகொள்கிறேன். கீரையை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை; எல்லா வாரமும் ஒரே அளவில் சாப்பிடச் சொன்னார்கள். சிறு இடிபட்டாலும் தோலில் நீலம் படர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடிகிறது. முன்பு என் உடம்பு எனக்குத் தெரியாமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இப்போது இரத்தம் ஓடுவது ஒரு காரியமாகத் தெரிகிறது. உட்கார்ந்து திருத்தும் விடைத்தாள்களுக்கு நடுவே எழுந்து வராந்தாவில் நடக்கிறேன். சக ஆசிரியைகள் கேட்டால் சொல்கிறேன். பீரியட்ஸ் மாத்திரையைப் பற்றியும் சொல்கிறேன்.

போன மாசியில் எனக்கு நாற்பத்து நான்கு முடிந்தது. அப்பாவுக்கு அந்த வயது வரவில்லை. இப்போது பழைய போட்டோவில் அவரைப் பார்த்தால், என்னைவிட இளைய ஓர் ஆள் நிற்பதாகத் தோன்றுகிறது. நரை இல்லாத மீசை, இஸ்திரி கலையாத சட்டை. முன்பு அவர் இல்லாததை நினைத்துத்தான் அழுவேன். இப்போது, ஒரு தம்பியைப் பார்ப்பது போல, அந்த முகத்தின் இளமை வருத்துகிறது.

யாழினிக்குத் திருச்சியில் கல்லூரி கிடைத்தது. சேர்த்துவிட்டு வர நானும் அவளும் பகல் ரயிலில் தாம்பரத்தில் ஏறினோம். செங்கல்பட்டு ஏரி போயிற்று, மதுராந்தகம் போயிற்று. திண்டிவனம் தாண்டியதும் அவள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"வாம்மா, ஒரு ரவுண்டு போலாம்."

அவள் முன்னால், நான் பின்னால். இருக்கைகளின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு நடந்தோம். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா காலை மடக்கி வழிவிட்டார். கதவருகே நின்று யாழினி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். நானும் அப்படியே செய்தேன். வெளியே வயல்கள் பின்னோக்கி ஓடின. அடுத்த பெட்டிக்குப் போகும் இணைப்பில் தரை ஆடியது. அவள் திரும்பாமலே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

ரயில் அதன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குள் எங்கள் வேகத்தில் நடந்துகொண்டிருந்தோம்.